மூன்றாம் பத்தி

லிஃப்ட் பழுதுபார்க்கும் பட்டறையில், மேசைமேல் இருக்கும் கைபேசி சத்தமாகப் பேசுகிறது. கட்டடப் பராமரிப்பு இதழின் உதவி ஆசிரியை, பட்டறைக்காரர் எழுதிய கட்டுரையை அச்சுக்குப் போகுமுன் அவருக்கே வாசித்துக் காட்டுகிறார். அதைப் படித்துவிட்டுக் குடியிருப்புச் செயலாளர்கள் நாலு பேராவது வேலைக்குக் கூப்பிடுவார்கள் என்று நம்பி எழுதியது. ஸ்பீக்கரை அணைக்கலாமென்றால் இரண்டு கையிலும் கிரீஸ். எதிரே ஜன்னல் வெளிச்சத்தில் அவருடைய அக்காள் கணவர் கதவுச் சக்கரம் ஒன்றை மண்ணெண்ணெயில் கழுவுகிறார். பிரஷ்ஷின் சரசரப்பு மெல்லக் குறைகிறது, அவரும் கேட்கிறார். இரண்டாம் பத்தி முடிகிறது. அடுத்தது மூன்றாம் பத்தி என்று பட்டறைக்காரருக்குத் தெரியும். கடவுளே என்கிறார், உதடு அசையாமல். கைபேசி வாசிக்கிறது: “காலையில் மட்டும் லிஃப்ட் நின்றுபோவது ஏன்? தரை கழுவும் தண்ணீர் கதவுத் தடத்தில் மண்ணைச் சேர்க்கிறது என்பதை நான் கண்டுபிடித்தேன்.” பிரஷ் நின்றுவிடுகிறது. இரண்டு நாள் விடியலில் லிஃப்ட் வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அதைக் கண்டுபிடித்த அக்காள் கணவர் மெதுவாக எழுந்து வருகிறார். “நல்லாத்தான் எழுதியிருக்க மாப்ளே,” என்று கந்தல் துணியை நீட்டுகிறார், “கையத் துடை.” பட்டறைக்காரர் கைபேசிப் பக்கம் குனிகிறார். “அத நான் கண்டுபிடிக்கலைங்க. எங்க மச்சான். மாத்திடுங்க.” “மச்சான்னு அச்சுல போட முடியாதே சார். இனிஷியலோட பேர் சொல்லுங்க.” பதினோரு வருடம் மச்சானோடு ஒரே மேசையில் வேலை பார்த்த பட்டறைக்காரர், துணியைப் பிடித்தபடி, நிமிராமல் கேட்கிறார்: “உங்க இனிஷியல் என்ன மச்சான்?”