வெளிறாத நீலம்

நாளை தாட்சாயினியின் முதலாவது ஆட்டைத் திவசம். அவளுடைய அம்மா வருவதற்குள் காரின் பின்கதவில் உள்ள கீறலை மறைத்துவிட வேண்டுமென்று சுஜிதன் காலையிலிருந்து வேப்பமரத்தடியில் குந்தியிருக்கிறான். அவன் மனைவி தாட்சாயினி கார் ஓட்டப் பழகிய நாளில் வாசல் படலைத் தூணோடு உரசிய கீறல். அதைக் கண்டால் மாமி அழுவார். ஈரமான சாண்ட் பேப்பரால் தேய்த்து, சுற்றிவரப் பத்திரிகைத் தாள் ஒட்டி, காரின் நிற இலக்கத்தைச் சொல்லி மாங்குளத்தில் வாங்கிய நீலப் பெயின்றை மூன்று தரம் அடித்தாயிற்று. தாளை உரிக்கிறான். எட்டு வருட வெயிலில் கார் முழுதும் வெளிறிப்போயிருக்கிறது. புதிய நீலம் வெளிறவில்லை. முன்பு குனிந்து பார்த்தால்தான் தெரிந்த இடம் இப்போது படலையிலிருந்தே தெரிகிறது. வாழையிலைக் கட்டோடு ஓட்டோவால் இறங்கிய மாமி நேரே அங்கேதான் வருகிறார். “இதிலையோ தம்பி அவள் இடிச்சவள்? போனில சொல்லிச் சிரிச்சவள். எந்தக் கதவெண்டு சொல்லேல்லை.” “தொடாதேங்கோ மாமி, இன்னும் காயேல்லை.” கை அதற்குள் பட்டுவிட்டது. நான்கு விரல்களின் தடம் நீலத்தில் பதிந்திருக்கிறது. மாமி அழவில்லை, நீலமான விரல் நுனிகளைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். சுஜிதன் மண்ணெண்ணெயில் நனைத்த துணியை அவரிடம் நீட்டுகிறான். கதவைத் துடைக்கவில்லை.