லுங்கி அடைத்த ஜன்னல்

குளியலறைச் சுவரில் கேஸ் கீசர் டிக் டிக் என்று பொறிவிட்டுப் பற்றுகிறது, மறுபடியும் அணைகிறது. அதன் முகப்பில் E7 என்று சிவப்பாக மினுக்குகிறது. தலை நிறைய எண்ணெயோடு துர்கா முக்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். பிள்ளை பெற்றபின் அவளுக்கு இது இரண்டாவது தலைமுழுக்கு. "பேட்டரி புதுசு, சிலிண்டரும் புதுசு. சனியன் ஏன் அணையுது?" என்று கீசரை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, அவள் புருஷன் முகிலன் அந்த E7 என்னவென்று செல்போனில் தேடுகிறான். படிக்கப் படிக்க அசைந்த உதடுகள் நின்றுபோகின்றன. "ரூம்ல காத்தோட்டம் இல்லன்னா இது வருமாம். உள்ள இருக்கறவங்க மயங்கிப் போயிடுவாங்களாம்." இருவரும் ஜன்னலை நிமிர்ந்து பார்க்கிறார்கள். கண்ணாடிப் பட்டைகளின் இடுக்கெல்லாம் அவனுடைய பழைய லுங்கி திணிக்கப்பட்டுக் கிடக்கிறது. "பச்ச ஒடம்பு, காத்து படக்கூடாதுன்னுதான் அடைச்சேன்" என்கிறான். போன முழுக்கன்றும் அவளுக்குத் தலை சுற்றியது. பிள்ளை தூங்கவிடாத அசதி என்று விட்டுவிட்டாள். முகிலன் லுங்கியை உருவுகிறான். ஒரு பட்டை வெயிலும், உழவர்கரைத் தெருவில் மீன்காரி கூவும் குரலும் உள்ளே வந்து விழுகின்றன. கீசரை மறுபடி போட அவன் கை நீள்கிறது. "இருங்க" என்கிறாள் துர்கா, எண்ணெய் வழியும் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பி. "மொதல்ல கொஞ்சம் காத்து வாங்கிக்கிறேன்."