சிவப்புக் கார் மேல் ஒரு புகார்

முதல் ஓட்டம் முடிந்த பத்தாவது நிமிஷம், உதயசூரியன் நேராக நடுவர் மேடைக்குப் போய் இளமதி தயார் செய்த கார் மேல் புகார் எழுதிக் கொடுத்துவிட்டார்.

மைதானம் முழுக்கச் செய்தி பரவியது. ஒருத்தருக்கும் ஆச்சரியமில்லை.

புதுக்கோட்டையில் காருக்கு ரீமேப் பண்ணுகிறவர் என்றால் பத்து வருஷமாக உதயசூரியன் ஒருவர்தான். காரின் கம்ப்யூட்டருக்குள் பெட்ரோல் எவ்வளவு, தீப்பொறி எப்போது என்று இருக்கும் கணக்கை மாற்றி எழுதி, அதே எஞ்சினிலிருந்து கூடுதல் வேகத்தை வாங்குகிற வேலை அது. போன வருஷம் வல்லத்திராக்கோட்டை இளமதி ஒரு லேப்டாப்போடு வந்து அவர் கடைக்கு எதிர்ச் சாரியில் அதே வேலைக்குக் கடை போட்டாள்.

"லேப்டாப் தட்டத் தெரிஞ்சவுகள்லாம் தொட்டா எஞ்சின் தாங்காது" என்று உதயசூரியன் டீக்கடையில் சொன்னது அவள் காதுக்கு வந்தது. அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சில்லை.

அவளிடம் யாரும் ஸ்போர்ட்ஸ் காரைக் கொடுக்கப் பயந்தார்கள். துபாயிலிருந்து திரும்பிய வெற்றிசெல்வன் மட்டும்தான் தன் சிவப்புக் காரை நம்பிக் கொடுத்தார்.

இலுப்பூர் தாண்டி ஒரு தனியார் வளாகத்தில் அன்றைக்கு நேர் ஓட்டப் பந்தயம், வளைவில்லாத பாதையில் யார் முந்துகிறார் என்று. முதல் ஓட்டத்தில் அந்தச் சிவப்புக் கார்தான் எல்லாரையும் முந்தியது. இறுதி ஓட்டத்தில் அதோடு மோத வேண்டியது உதயசூரியனின் கறுப்புக் கார்.

"தோக்கப் போறம்னு தெரிஞ்சு போச்சு. அதான் புகாரு" என்றார் வெற்றிசெல்வன்.

இளமதிக்கும் அப்படித்தான் பட்டது. கொஞ்சம் முன்னால்தான் உதயசூரியன் அவள் கார் பக்கம் வந்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். வேவு பார்க்க வந்திருக்கிறார் என்று நினைத்து, அவர் முகத்துக்கு நேரேயே பானெட்டை மூடிவிட்டுத் திரும்பிக்கொண்டாள். அந்த ஆத்திரம்தான் போலிருக்கிறது.

நடுவர் வந்தார். லேப்டாப்பைக் காரில் மாட்டி, எழுதிய கணக்கு முழுவதையும் வரிசையாகத் திறந்து காட்டச் சொன்னார். அதுவரை கார் நகரக் கூடாது.

கூட்டம் சூழ்ந்துகொண்டது. இந்தப் புள்ள என்னத்த மாத்தி வச்சிருக்கோ என்று பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள்.

இளமதி ஒவ்வொன்றாகக் காட்டினாள். பெட்ரோல் கணக்கு சரி. காற்றழுத்தம் சரி. தீப்பொறிக் கணக்கில், கடைசி வரிசையில் அவள் விரல் நின்றுவிட்டது.

பதினாலு என்று இருக்க வேண்டிய கட்டத்தில் இருபத்து நாலு.

அவள் கையால் அடித்த எண்தான். மூன்றாவது கியரில் முழு வேகம் எடுக்கும்போது தீப்பொறி முந்திக்கொள்ளும். முதல் ஓட்டத்தில் எஞ்சின் எப்படியோ தாங்கியிருக்கிறது. இன்னொரு ஓட்டத்தில் பிஸ்டன் உடையும். ஆயில் சக்கரத்தில் கொட்டும். இருநூறு கிலோமீட்டர் வேகத்தில் கார் எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

நடுவர் திரையை விட்டுவிட்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பேசாமல் தாண்டிப் போய்விட்டு, அப்புறம் யாருக்கும் தெரியாமல் மாற்றிவிடலாம். இத்தனை பேர் முன்னால் வாயைத் திறந்தால் கடையை மூட வேண்டியதுதான். அவள் லேப்டாப்பை நடுவர் பக்கம் திருப்பினாள்.

"சார், இதுல ஒரு தப்பு இருக்கு. நான் பண்ணுன தப்பு. திருத்திக்கிறட்டுமா?"

விதியில் தடையில்லை என்றார் நடுவர்.

எண்ணை மாற்றினாள். மற்ற எல்லாக் கட்டத்தையும் இரண்டு தடவை சரிபார்த்தாள். பிறகு வெற்றிசெல்வனிடம் போய், நடந்திருக்கக்கூடியதை ஒளிக்காமல் சொன்னாள். அவர் ஓட்ட வேண்டாம் என்று முடிவெடுத்தாலும் தனக்கு வருத்தமில்லை என்றாள்.

அவர் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"இப்பச் சரியா இருக்கா?"

"சரியா இருக்குண்ணே."

ஹெல்மெட்டை எடுத்து மாட்டிக்கொண்டார்.

பச்சை விளக்கு எரிந்தது. இரண்டாவது கியர் வரை கறுப்பும் சிவப்பும் ஒட்டிக்கொண்டே போயின. மூன்றாவதில் சிவப்பு பிய்த்துக்கொண்டு கிளம்பியது. கோட்டைத் தாண்டும்போது ஒரு கார் நீளம் முன்னால்.

முணுமுணுத்த கூட்டமே விசிலடித்தது. தப்பை ஒப்புக்கொண்ட புள்ளை என்று சொல்லியே நாலு பேர் அவள் போன் நம்பரை வாங்கினார்கள். வெற்றிசெல்வன் கோப்பையை அவள் கையில் கொடுத்து, "இது ஒன்னோடதும்மா" என்றார்.

அவள் அதைத் தூக்கிக்கொண்டு நேராக உதயசூரியனிடம் போனாள்.

"புகாருக்கு ரொம்ப நன்றிண்ணே. அடுத்த தடவையும் மறக்காமக் குடுங்க."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். உதயசூரியனும் லேசாகச் சிரித்தார்.

"வண்டி சுத்தமா ஓடுச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டு, தன் காரை லாரியில் ஏற்றப் போய்விட்டார்.

கிளம்பும் நேரத்தில் நடுவர் அவளைக் கூப்பிட்டார். சோதனை முடிந்தது என்று புகார்த் தாளின் அடியில் அவள் கையெழுத்துப் போட வேண்டுமாம். போட்டாள். போட்ட பிறகுதான் மேலே எழுதியிருந்ததைப் படித்தாள்.

"சிவப்புக் கார் எந்த விதியையும் மீறவில்லை. ஆனால் மூன்றாவது கியரில் எஞ்சின் தட்டுகிற சத்தம் கேட்டது. இப்படியே இன்னொரு ஓட்டம் ஓடினால் ஓட்டுகிறவர் உயிருக்கு ஆபத்து. சொல்லப் போனேன், காது கொடுக்கவில்லை. சோதனை என்று சொல்லி அந்தப் பெண்ணையே திறந்து பார்க்க வையுங்கள். பார்த்தால் கண்டுபிடித்துவிடும், வேலை தெரிந்த பெண்."