மூன்று தேக்கரண்டி

இயற்கையின் ஒழுங்கில் மனிதன் கை வைக்கக் கூடாது என்பது ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் கேவி க்ளூட்டின் வாழ்நாள் கொள்கை. தென்னாப்பிரிக்காவின் ஸ்பிரிங்போக் ஊரில் ஜனவரி நடுக்கோடை; அந்த வெயில் சமையலறை ஜன்னலில் வந்து உட்கார்ந்திருக்க, அவர் ஈரத் தேக்கரண்டியும் கையுமாக நிற்கிறார். எதிரே மனைவி டொரீனாவின் செடித்தொட்டி. குளிர்கால மழைக்கு மட்டும் விழித்துப் பச்சைக் கூழாங்கற்களாக வளரும் செடி, கோடை முழுக்கக் காகிதம்போல் காய்ந்த தோலைப் போர்த்திக்கொண்டு உறங்கும். கல்யாணத்தன்று ஒற்றைக் கூழாங்கல்லாக அவளோடு வந்தது, இன்று இரண்டு கைக்கும் அடங்காத கொத்து. பேத்தியைப் பார்க்கக் கேப்டவுன் போனவள் நாளை திரும்புகிறாள். மேசைமேல் கைபேசியில் அவள் குரல்.

"என்ன தலைமையாசிரியரே, என் செடி தூங்குதா?"

"குறட்டையே விடுது."

"பாவம்னு தண்ணி கிண்ணி ஊத்தலையே?"

"நானா? கோடையில தண்ணி ஊத்தாதீங்கன்னு செடி வளர்க்கிறவங்க கூட்டத்துல ஒரு மணி நேரம் பேசுனவன்டி நான்!"

"பேசுனே, கேட்டேன். லேசா அமுக்கிப் பாரு. கெட்டியா இருந்தா உயிர் இருக்கு."

அவர் கட்டைவிரலை வைக்கிறார். தோல் கிழிந்து, விரல் நகம்வரை உள்ளே போகிறது. பழுப்பு நீர் தொட்டி விளிம்பில் வழிகிறது. பக்கத்தில் இருப்பதை அமுக்குகிறார், அதுவும் அப்படியே. அதற்கடுத்ததும். புளித்த வாடைக்கு ஜன்னலில் ஒரு ஈ வந்து உட்காருகிறது.

"கேவி? இருக்கியா?"

"கல்லு மாதிரி இருக்கு," என்கிறார், விரலைக் கால்சட்டையில் துடைத்தபடி.

அவள் போன நாளிலிருந்து தினம் மூன்று தேக்கரண்டி ஊற்றியிருக்கிறார். 'ஏப்ரல் வரை ஒரு சொட்டும் கூடாது' என்று தொட்டியில் ஒட்டியிருக்கும் சீட்டு அவர் கைப்பட எழுதியது.