எண்ணெய் போட்ட குழல்

மொட்டைமாடியில் படுத்திருந்த போலீஸ்காரருக்கு, குறி தப்பாததால், ஸ்டேஷனில் 'குறிக்காரர்' என்றே பெயர். தொலைநோக்கியில் எதிர்க்கடையை ஒருமுறை பார்த்தவர், உடனே துப்பாக்கிக் குழலுக்குள் எண்ணெய்த் துணியை விட்டுத் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

இன்ஸ்பெக்டர் அவர் பக்கத்தில் குனிந்தார். கடைக்குள் ஒருவன் மருந்துக்கடைக்காரர் கழுத்தில் கத்தி வைத்திருந்தான்.

"இப்பப் போயா துடைக்கிறது? எண்ணெய் போட்ட குழல்ல முதல் குண்டு மேல ஏறிடும்னு எங்களுக்குப் பாடம் எடுத்ததே நீதானேய்யா."

"தூசி இருந்துச்சு சார்."

கடைக்காரர் அலறினார்.

"சரி, சுட்டுத் தொலை."

குண்டு கத்திக்காரன் தலைக்கு மேலே சுவரைப் பெயர்த்தது. காரை கொட்டியதும் அவன் கத்தியைப் போட்டுவிட்டுக் கைகளைத் தூக்கினான். போலீஸார் பாய்ந்து அமுக்கினார்கள்.

"என் மானத்தை வாங்கிட்டியே. ஊரே சிரிக்கப்போகுது" என்று திட்டிக்கொண்டே இன்ஸ்பெக்டர் படியிறங்கினார். குறிக்காரர் துப்பாக்கியோடு பின்னால் வந்தார்.

வேன் அருகே விலங்கோடு நின்றவன் முதலில் அந்தத் துப்பாக்கியைப் பார்த்தான். பிறகு அதைத் தூக்கி வந்தவர் முகத்தைப் பார்த்து உடைந்து அழுதான்.

"அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதண்ணே."