நீக்க வேண்டிய சைகை

இன்னொரு தடவை போடச் சொல்லி ஸ்கேல் அக்கா கை காட்டினார்.

மறுபடியும் திரையில் அந்த இளைஞன் வந்தான். காதைப் பொத்தினான். பிறகு வாயைப் பொத்தினான். கையை எடுத்ததும், கேமராவுக்குச் சற்றுத் தள்ளி நின்ற யாரையோ பார்த்துச் சிரித்தான்.

தேசிய சைகைமொழிக் குழுவின் கூட்டம் அது. மேசையைச் சுற்றி இருந்தவர்களில் காது கேட்பவர்கள் இரண்டே பேர். ஒருவர் அரசு அனுப்பிய அதிகாரி. இன்னொருத்தி நான், மொழிபெயர்ப்பாளர்.

அதிகாரி பேசினால் என் கை ஆடும். மற்றவர்களின் கை ஆடினால் என் வாய் பேசும். அவர்களில் யார் 'நான்' என்று சொன்னாலும் நானும் 'நான்' என்றுதான் சொல்ல வேண்டும். என் தொழிலின் சட்டம் அப்படி. என் சொந்தக் கருத்துக்கு இங்கே மதிப்பில்லை. வீட்டிலும் பெரிதாக ஒன்றும் கிடையாது.

ஸ்கேல் அக்கா குழுவின் தலைவர். தலை முழுக்க நரை. காது கேளாதோர் பள்ளியில் டீச்சராக இருந்தவர். உள்ளங்கையில் ஸ்கேலால் ஓர் அடி, அதுதான் சைகையில் அவருடைய பெயர். முகத்துக்கு நேராகவே அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

இந்தச் சைகையை ஒழிக்க வேண்டும் என்று பல வருடங்களாக ஒற்றைக் காலில் நின்றவர் அவர்தான். காது கேளாதவர் என்று சொல்ல வாயை எதற்குப் பொத்த வேண்டும்? எங்களுக்குப் பேச்சே இல்லையா, அப்படியானால் இந்தக் கைகள் என்ன செய்கின்றன? கேட்டுக் கேட்டே எல்லோரையும் வழிக்குக் கொண்டுவந்துவிட்டார். பழைய சைகை அகராதியின் மற்ற வீடியோக்களை எப்போதோ மாற்றியாகிவிட்டது. மிச்சம் இருந்தது இது ஒன்றுதான்.

நீக்கிய வீடியோவை அடியோடு அழித்துவிட வேண்டும், யாரிடமும் பிரதி இருக்கக் கூடாது என்பது விதி. இருந்தால் ஏதாவது ஒரு பள்ளியில் தூசி தட்டி எடுத்துப் பிள்ளைகளுக்குக் காட்டிவிடுவார்கள். அந்த விதியை எழுதியதும் அக்காதான்.

அப்படிப்பட்டவர், ஓட்டெடுப்பு நடக்கும்போது, மறுபடி போடு, மறுபடி போடு என்கிறார். எனக்கே எரிச்சலாக இருந்தது. அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். மேசைக் கோடியில் இருந்த மூத்த உறுப்பினர்கள் இருவர் மட்டும் ஏனோ தலையைக் குனிந்துகொண்டார்கள். கண்ணால் கேட்பவர்கள் தலையைக் குனிந்தால், இனி எதையும் கேட்க விரும்பவில்லை என்று அர்த்தம்.

எல்லோருடைய கையும் உயர்ந்துவிட்டது. அக்காவின் கைதான் பாக்கி. ஒருவர் ஒப்பாவிட்டாலும் சைகையை நீக்க முடியாது.

வீடியோ முடிந்தது. இளைஞன் சிரித்தபடியே நின்றுபோனான்.

அக்கா கையைத் தூக்கினார்.

கணினிக்காரர் ஒரு பொத்தானை அழுத்தினார். திரை வெறுமையானது. இங்கே யாரும் கைதட்ட மாட்டார்கள். கைகளை உயர்த்தி விரல்களை ஆட்டுவார்கள். அறை முழுக்கக் கைகள் ஆடின. அக்காவின் கைகள் மட்டும் மடியில் கிடந்தன.

அதிகாரிக்கு அப்பாடா என்றிருந்தது. பையை எடுத்துக்கொண்டே, நல்லெண்ணத்தோடுதான் சொன்னார்.

"அந்தப் பையன் பளிச்சுன்னு பண்றான்மா. புது வீடியோவுக்கும் அவனையே கூப்பிட்டுடுங்க."

என் கைகள் அதை அப்படியே சொல்லின.

அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மடியிலிருந்து கைகளை எடுத்தார். அவர் கைகள் இவ்வளவு சின்னதாகப் பேசி நான் பார்த்ததே இல்லை.

எனக்குக் கல்யாணம்கூட ஆகவில்லை. ஆனாலும் சட்டம் சட்டம்தான். அவர் சொன்னதை நான் என் வாயால் சொன்னேன்.

"அவர் என் வீட்டுக்காரருங்க. அந்த வயசுலயே போயிட்டாரு. வீட்டுல போட்டோ இருக்கு. போட்டோல கை அசையாது."