பெயர் வெட்டிய குடம்

மகள் செண்பகாவின் கல்யாணச் சீருக்கு வேண்டிய பாத்திரங்களை இந்திராணி செல்போனிலேயே வாங்கினாள். மறுநாளே வீடு தேடி வந்துவிட்டன. பெயர் வெட்ட மட்டும் இசக்கியப்பன் பாத்திரக்கடைக்கு ஆட்டோவில் கொண்டுவந்தாள். அதே குடங்கள் அவர் கடையில் தூசி படிந்து தொங்கின.

“செல்போன்ல பாதி விலைதான் அண்ணாச்சி. பேரு மட்டும் நீங்க வெட்டிக் குடுங்க. ஆழமா வெட்டுங்க, அழியக்கூடாது.”

“வெட்டிருவோம்மா” என்றார். செண்பகா, மோகன்ராம் என்று இருபத்தொரு பாத்திரங்களிலும் வெட்டினார்.

நான்காம் நாள் மாப்பிள்ளை வீட்டார் கல்யாணத்தை நிறுத்தினார்கள். பத்து நாளுக்குள் பாத்திரங்களைத் திருப்பி அனுப்பலாம்தான். ஆனால் பெயர் வெட்டியதை எடுக்கமாட்டோம் என்றது கம்பெனி. இந்திராணி எல்லாவற்றையும் மூட்டை கட்டி இசக்கியப்பனிடமே கொண்டுவந்தாள்.

“வீட்டுல வச்சுப் பாக்க முடியல அண்ணாச்சி. குடுக்கறதக் குடுங்க.”

அவர் பேரம் பேசாமல் வாங்கிக்கொண்டார்.

மறுநாள் காலை இருபத்தொன்றும் கடை வாசலில் தொங்கின. ஒவ்வொன்றிலும் பெயர் தெருவைப் பார்த்திருந்தது. இந்திராணி மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

“உள்ள வைங்க அண்ணாச்சி. இல்ல, பேரையாவது அழிச்சிருங்க. பஸ்ஸுக்கு அவ இந்த வழியாத்தான் வரணும்.”

“ஆழமா வெட்டச் சொன்னீங்களேம்மா” என்றார். “வேணும்னா நீங்களே எடுத்துக்குங்க. கடை விலைதான்.”

தெருமுனையில் செண்பகா திரும்பினாள். இசக்கியப்பன் தோள்துண்டை எடுத்து, பெரிய குடத்தில் அவள் பெயர் இருந்த இடத்தை மட்டும் பளபளவென்று துடைத்தார்.